குழுக்களைக் கழித்தால் மிஞ்சும் ‘நான்’

“என்னை எந்தக் கூட்டத்தோடும் சேர்த்துப் பார்க்காதீர்கள், என்னை நானாக மட்டும் பாருங்கள்” என்று வாழ்க்கையில் ஒருமுறையாவது சொல்லாதவர்கள் குறைவு. நியாயமான கோரிக்கைதான். ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் அவருடைய மொழி, மதம், தொழில், பாலினம், தேசம் என ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மீதி அனைத்தையும் அதிலிருந்தே ஊகித்துவிடுகிற வழக்கம் எவருக்கும் வலிக்கும். ஆனால் இந்தக் கோரிக்கைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. குழுக்கள் எல்லாம் மேலே அணிந்துகொண்ட சட்டைகள், அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தால் கடைசியில் கலப்பில்லாத ‘நான்’ ஒருவர் நிற்பார் என்பதே அந்த நம்பிக்கை. வரவர எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. இதற்கு நேரெதிரான வாதமும், அதாவது நீ எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறாயோ அவற்றின் கூட்டுத்தொகைதான் நீ என்பதும், எனக்கு ஒப்பவில்லை. சொல்லப்போனால் அது இன்னும் ஆபத்தானது. இரண்டுக்கும் நடுவில் சமரசமாக ஓர் இடம் தேட நான் இதை எழுதவில்லை. இரண்டுமே கேள்வியைத் தவறான இடத்தில் கேட்கின்றன என்று நினைக்கிறேன்.

முதலில் கழித்துத்தான் பார்ப்போமே. சங்கம், கட்சி, ரசிகர் கூட்டம் ஆகியவற்றை விடுவது எளிது. தொழிலையும் ஒருவாறு கழித்துவிடலாம், பிழைப்புக்காக ஏற்றுக்கொண்டதுதானே என்று. ஆனால் மொழியைக் கழிக்கும்போது கணக்கு தடுமாறுகிறது, ஏனென்றால் கழித்துக்கொண்டிருக்கும் மனமே அந்த மொழியில்தான் கழிக்கிறது. வளர்த்தவர்களைக் கழிப்பது அதைவிடக் கடினம். தனியறையில் படுத்திருக்கும்போது, பல ஆண்டுகளுக்கு முன் நாலு பேர் நடுவில் உளறிய ஒரு வாக்கியம் திடீரென்று நினைவுக்கு வந்து, காது மடல் சூடாகி, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறதல்லவா? அறையில் யாரும் இல்லை. அன்று அதைக் கேட்டவர்கள் எப்போதோ மறந்திருப்பார்கள். பிறகு யார் முன்னால் அந்த வெட்கம்? ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் என்ற அமெரிக்க மெய்யியலாளர் சிகாகோவில் நடத்திய வகுப்புகளில் இதற்கு விளக்கம் தந்தார். அவர் மறைந்த பிறகு, 1934-இல், மாணவர்களின் குறிப்புகளிலிருந்து அது நூலாக வந்தது. குழந்தை முதலில் பிறர் கண்ணால்தான் தன்னைப் பார்க்கப் பழகுகிறது என்றும், அம்மா, அக்கா, விளையாட்டுத் தோழன் எனத் தனித்தனி ஆட்களின் பார்வையாக இருந்தது போகப்போக ‘எல்லோரும்’ என்கிற பொதுப் பார்வையாகி உள்ளே குடியேறிவிடுகிறது என்றும் அவர் சொன்னார். அந்த அறையில் நம் வெட்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் குடிவந்த ஆள்தான். அவரையும் கழித்துவிட்டால் வெட்கப்படுவதற்கும் ஆள் இல்லை, வெட்கத்தை உதறிவிட்டுச் சிரிப்பதற்கும் ஆள் இல்லை.

ஆகவே குழுக்களுக்குக் கீழே தூய ‘நான்’ ஒன்று புதைந்திருக்கிறது என்பது அவ்வளவாக நிற்காத வாதம். எதிர்வாதம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, இந்தத் துறையில் எவரும் தாண்டிச் செல்ல முடியாத ஒரு பரிசோதனைக்கு வர வேண்டும்.

ஹென்றி தாய்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். குழுக்களுக்கு இடையிலான பாரபட்சம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை அவர் அறிய விரும்பினார். பகை, பழைய கணக்கு, போட்டி, முகம், பெயர் எதுவுமே இல்லாத குழுக்களை உண்டாக்கி, அவற்றில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எந்தப் படியில் பாரபட்சம் தலைகாட்டும் என்பது அவர் கணக்கு. 1970-இல் வெளிவந்த அந்த ஆய்வின் முதல் கட்டத்தில், 14, 15 வயதுடைய 64 பள்ளி மாணவர்களுக்குத் திரையில் புள்ளிகள் சில கணங்கள் காட்டப்பட்டன. எத்தனை புள்ளிகள் என்று அவர்கள் ஊகிக்க வேண்டும். பிறகு, நீ கூடுதலாக ஊகிப்பவர் குழு, நீ குறைவாக ஊகிப்பவர் குழு என்று சொல்லப்பட்டது. உண்மையில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டுதான். அடுத்த கட்டத்தில் பால் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யாருடைய படங்கள் உனக்குப் பிடித்தன என்பது சாக்கு. ஒவ்வொரு சிறுவனும் தனித்தனித் தடுப்புக்குள் அமர்ந்து, வேறு இருவருக்கு மதிப்பெண்களைப் பங்கிட வேண்டும். அந்த இருவரைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது ஓர் எண்ணும் குழுவின் பெயரும் மட்டுமே. தனக்குத் தானே எதையும் கொடுத்துக்கொள்ள முடியாது.

இதில் ஒரு கட்டத்தை மட்டும் அருகில் சென்று பார்க்கலாம். சிறுவனுக்கு முன்னால் பதின்மூன்று சோடி எண்கள் உள்ள ஒரு தாள் இருக்கிறது. ஒரு முனையில் தன் குழுக்காரனுக்கு 7, மற்றவனுக்கு 1. நடுவில் இருவருக்கும் 13. மறுமுனையில் தன் குழுக்காரனுக்கு 19, ஆனால் மற்றவனுக்கு 25. தன் ஆளுக்கு நன்மை செய்வதுதான் நோக்கம் என்றால் 19-ஐத் தொட்டுவிட்டுப் போகலாம்; மற்றவன் 25 வாங்கினால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் சிறுவர்களின் தேர்வுகள் 7-க்கு 1 என்ற முனையை நோக்கிச் சாய்ந்தன. தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றவர்களைவிட அதிகமாக இருக்க வேண்டும். நேர்மையும் அவர்களை இழுத்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலருடைய பதில்கள் ஒரேயடியாக முனைக்குப் போகாமல் நடுவுக்கும் முனைக்கும் இடையில் தயங்கி நின்றன. பாடநூல்கள் இந்தத் தயக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. பின்னாளில், எந்தச் சாக்கும் சொல்லாமல் குழுக்கள் குலுக்கல் முறையில்தான் பிரிக்கப்பட்டன என்று வெளிப்படையாகச் சொன்னபோதும் சாய்வு மறையவில்லை.

மனிதர்கள் பிறவியிலேயே குறுகிய மனம் கொண்டவர்கள் என்பதற்குச் சான்றாக இந்தப் பரிசோதனையைக் காட்டுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தடுப்புக்குள் இருந்த சிறுவனிடம் வேறு என்ன இருந்தது? அவன் பாடுவானா, சண்டைக்காரனா, பக்கத்து இருக்கைக்காரன் அவனுக்குக் கடன்பட்டவனா என்பதெல்லாம் வெளியிலேயே நின்றுவிட்டன. உள்ளே அவனுக்கு மிச்சம் வைக்கப்பட்டது ஒரே ஒரு பெயர். அந்தப் பெயருக்கு ஏதாவது பொருள் இருந்தால்தான் அந்த அறையில் அவனுக்கும் பொருள் இருக்கும். தாய்ஃபெலும் அவருடைய மாணவர் ஜான் டர்னரும் பின்னர் கட்டியெழுப்பிய சமூக அடையாளக் கோட்பாட்டின் கரு இதுதான்: நம்மைப் பற்றிய மதிப்பின் ஒரு பகுதியை நம் குழுக்களிடமிருந்து பெறுகிறோம், ஆகவே குழு பிறவற்றைவிட மேலாகத் தெரிய வேண்டும் என்று விரும்புகிறோம். ஒருவருக்கு ஒரே ஒரு பெயரை மட்டும் விட்டுவைத்தால் அவர் அதை எவ்வளவு இறுக்கமாகப் பற்றிக்கொள்வார் என்பதற்கான சான்றாகவே நான் அந்தத் தாளைப் பார்க்கிறேன்.

தாய்ஃபெலின் சொந்தக் கதை இந்த ஆய்வுக்குப் பின்னால் நிழலாக நிற்கிறது. அவர் 1919-இல் போலந்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்சில் படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1940-இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். தான் யூதர் என்பதை அவர் மறைக்கவில்லை. போலந்து யூதர் என்பதை மறைத்தார். பிரெஞ்சுச் சிறைக்கைதி என்ற அடையாளத்தோடு உயிர் பிழைத்து வெளியே வந்தபோது குடும்பத்தினரில் ஏறத்தாழ யாருமே மிஞ்சவில்லை. முகாம் காவலர்களோடு தான் எப்படிப் பழகினாலும், எவ்வளவு நல்லவன் என்று பெயர் எடுத்தாலும், அந்த ஒரு விவரம் தெரிந்திருந்தால் தன் கதி அதைக் கொண்டே முடிவாகியிருக்கும் என்பதை அவர் மறக்கவே இல்லை. நான் எந்தக் குழுவைச் சேர்ந்தவன் என்பதை நான் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதை அவர் நூலகத்தில் கற்கவில்லை. “எந்த அடையாளமும் எனக்கு முக்கியமில்லை” என்று சொல்ல முடிவதே ஒரு வசதி. அடையாளத்தைக் கேட்டு யாரும் கதவைத் தட்டாத இடத்தில் இருப்பவர்களுக்கே அது வாய்க்கிறது.

அமர்த்தியா சென் தன் சிறுவயது நினைவொன்றை மீண்டும் மீண்டும் எழுதியிருக்கிறார். 1944-இல், டாக்காவில் அவர்கள் வீட்டு வாசலுக்குக் கத்திக்குத்துக் காயத்தோடு ஒருவர் ஓடி வந்தார். காதர் மியா என்ற முஸ்லிம் தினக்கூலித் தொழிலாளி. வீட்டில் உண்ண எதுவும் இல்லாததால், கலவர நேரத்தில் இந்துக்கள் வாழும் பகுதிக்குப் போக வேண்டாம் என்று மனைவி தடுத்தும், கிடைத்த வேலைக்காக வந்தவர். சென்னின் தந்தை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் அவர் பிழைக்கவில்லை. குத்தியவர்கள் காதர் மியாவிடம் பார்த்தது ஒரே ஒரு அடையாளத்தை. தகப்பன், கணவன், கூலிக்காரன், பசித்தவன் என்ற மற்ற அனைத்தும் அவரிடம் இருக்கத்தான் செய்தன. பார்க்க யாரும் இல்லை. நீ உன் குழுக்களின் கூட்டுத்தொகை என்கிற வாதம் ஏன் ஆபத்தானது என்றால், நடைமுறையில் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. எண்கள் பலவாக இருக்கும்போதே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுகிறார்கள்.

சரி, முறையாகவே கூட்டிப் பார்த்தால்? ஜெர்மானியச் சமூகவியலாளர் ஜியார்க் சிம்மல் அதைத்தான் செய்தார். 1908-இல் வெளியான அவருடைய பெருநூலில், மனிதர் என்பவர் பல சமூக வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளி என்கிற கருத்தை விரிக்கிறார். ஒரே வட்டத்தில் இருப்பவர்கள் ஒருவரைப் போல் ஒருவர் இருக்கலாம். வட்டங்கள் கூடக்கூட, அதே வட்டங்கள் அனைத்தும் அதே முறையில் வெட்டுகிற இன்னொரு ஆள் இருப்பதற்கான வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகும். குழுக்கள் தனித்தன்மையைத் தின்றுவிடும் என்று அஞ்சுகிற நமக்கு இது அழகான பதில். பல குழுக்களில் இருப்பதாலேயே நாம் தனித்தன்மை பெறுகிறோம் என்றாகிறது.

எனக்கு சிம்மலிடம் ஒரு குறை உண்டு. வட்டங்கள் வெட்டும் புள்ளி ஒரு முகவரியைத்தான் தருகிறது. அந்த முகவரியில் குடியிருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதை அது சொல்வதில்லை. ஒரு மருத்துவமனையில் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோரிக்கை நியாயமானது. ஒரே சங்கத்தில் இருக்கும் இரண்டு செவிலியர்கள். ஒரே வயது, ஒரே ஊதியம், இருவர் வீட்டிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். வார்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருக்கும் நோயாளி ஒருவர். ஒருவர் வெளியே போய்ப் பதாகையைப் பிடிக்கிறார்: இன்று நான் உள்ளே போனால் நாளை இந்த வார்டில் இரவு முழுக்க ஒரே ஆள்தான் இருப்பார், அது எல்லா நோயாளிகளுக்கும் கேடு. இன்னொருவர் சங்கத் தலைவரிடம் நேரில் சொல்லிவிட்டே உள்ளே போகிறார்: எனக்கு இந்தப் போராட்டம் வேண்டும், ஆனால் இந்த நோயாளியை விட்டுவிட்டு வேண்டாம். வட்டங்களை மட்டும் வரைந்து பார்த்தால் இருவரும் ஒரே புள்ளி. ஆனால் இரண்டு வட்டங்கள் எதிரெதிராக இழுத்த அந்தக் காலைப்பொழுதில்தான் இருவரும் வெவ்வேறு மனிதர்கள் என்பது தெரிகிறது. அதோடு, இருவருமே முடிவெடுக்கப் பயன்படுத்திய சரக்கு குழுக்களிடமிருந்து வந்ததே. சங்கம் கற்றுத்தந்த ஒற்றுமை, தொழில் கற்றுத்தந்த கடமை. வெளியிலிருந்து கொண்டுவந்த தூய ‘நான்’ எதுவும் அங்கே தேவைப்படவில்லை. எதற்கு எப்போது எவ்வளவு இடம் என்று நிறுத்துப் பார்த்ததில்தான் ஆள் தெரிகிறார். தன்னடையாளம் என்று நாம் தேடுவதை ஓரிடத்தில் சுட்டச் சொன்னால் நான் இந்த இடத்தைத்தான் சுட்டுவேன்: சேர்ந்திருப்பதை ஒருவர் எப்படிச் சுமக்கிறார், உள்ளே இருந்துகொண்டே எதோடு முரண்படுகிறார், யாருக்காகப் பதில் சொல்ல முன்வருகிறார்.

இதில் முரண்படுவது பற்றி என் அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்லலாம். நெடுங்காலம் பணியாற்றிய ஒரு நிறுவனத்தை விட்டு நான் வெளியே வந்தேன். அங்கே எந்தக் கோப்பும் தேவைக்கு மேல் நாலு மேசைகளில் படுத்துறங்கிவிட்டுத்தான் நகரும் என்பது என் நிரந்தரக் குற்றச்சாட்டு. கூட்டங்களில் நான் வாயைத் திறந்தாலே மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். வெளியே வந்து சில காலம் கழித்து, நண்பர் வீட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அந்த நிறுவனத்தை எட்ட நின்று மட்டுமே அறிந்த ஒருவர், “அந்த ஆபீஸ்ல எந்த ஃபைல் சார் ஒழுங்கா நகர்ந்திருக்கு?” என்று சிரித்தார். அந்தக் கையெழுத்துகள் எப்போது வந்தன, முன்பு நடந்த எந்த முறைகேட்டுக்குப் பிறகு வந்தன, ஒவ்வொரு மேசையும் எதைச் சரிபார்க்கிறது என்று நான் விலாவாரியாக விளக்கத் தொடங்கியிருந்தேன்; ஆள்காட்டி விரல் தானாக மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார நண்பர்தான் குறுக்கிட்டார்: “டேய், இதையேதானே நீ மாசாமாசம் எங்ககிட்டப் புலம்புவே?”

ஆஸ்திரேலியாவின் மாத்யூ ஹார்ன்சி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வெகு அருகில் வருகிறது. ஆஸ்திரேலியர்களைப் பற்றிய ஒரே குறைகூறலை, சொற்களை மாற்றாமல், ஒருமுறை ஆஸ்திரேலியர் சொன்னதாகவும் மறுமுறை வெளியார் சொன்னதாகவும் கொடுத்தபோது, உள்ளிருந்து வந்த குறையை மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்ததற்குச் சினந்தார்கள். காரணம் குறை சொல்பவரின் நோக்கம் குறித்த ஊகம். நம்மவர் சொன்னால் அக்கறை, அடுத்தவர் சொன்னால் ஏளனம். குழுவுக்குப் புதிதாக வந்தவர்களும் வெளியாரைப் போலவே சந்தேகத்தோடு நடத்தப்படுகிறார்கள் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. விலகி வந்தவர்களின் நிலை இதிலும் சேராது, அதிலும் சேராது. கன்னித்துறவியாக இருந்து விலகிச் சமூகவியலாளரான ஹெலன் ஈபா, துறவு, மருத்துவம், மணவாழ்க்கை போன்றவற்றிலிருந்து வெளியேறிய 185 பேரைச் சந்தித்து 1988-இல் ஒரு நூல் எழுதினார். விலகியவர் வெறுமைக்குள் போவதில்லை, ‘முன்னாள்’ என்பதே புதிய இருப்பாகிவிடுகிறது என்பது அவர் கண்டது. அன்று மேசையைத் தட்டிய விரலைப் பற்றி இதைவிடத் துல்லியமாக என்னால் சொல்ல முடியாது.

தனித்து நிற்பதற்கும்கூடத் துணை தேவைப்படுகிறது என்பது இன்னொரு வேடிக்கை. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வேலைக்கு, முன்கூட்டியே பேசிவைத்த ஒரு கூட்டம் ஒருமித்துத் தவறான பதில் சொல்லும். அதன் நடுவில் அமர்ந்த உண்மையான ஆள் என்ன செய்கிறார் என்று பார்ப்பார்கள். அத்தகைய சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான பதில்கள் கூட்டத்தோடு போயின. ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலே போதும், அந்த விகிதம் சரிந்துவிட்டது. ‘சுயமாகச் சிந்திப்பவர்’ என்று நாம் மெச்சுகிறவர்கள் பலருக்கும் எங்கோ ஓர் ஆள் இருந்திருப்பார். சில சமயம் அந்த ஆள் எப்போதோ இறந்துபோன ஆசிரியராகவும் இருக்கலாம்.

இனி, பதில் சொல்ல முன்வருவது. பெருமையில் பங்கு கேட்பது எவருக்கும் எளிது. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் செய்து 1976-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி வென்ற வார இறுதிக்கு அடுத்த திங்கட்கிழமை, மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடைகளை அதிகமாக அணிந்து வந்தார்கள். வெற்றியைப் பற்றிப் பேசும்போது “நாங்கள்” என்றவர்கள், தோல்வியைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லைக் குறைத்துக்கொண்டார்கள். வெட்கத்தில் பங்கு கேட்பவர்கள் அரிது. எனக்கு இந்த இடத்தில் ஜெர்மானிய அரசியல்வாதி வில்லி பிராண்ட்தான் நினைவுக்கு வருகிறார். ஹெர்பர்ட் ஃபிராம் என்ற பெயரில் பிறந்து, நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-இல் நார்வேக்குத் தப்பி, தலைமறைவுப் பெயராக ஏற்றுக்கொண்டதையே கடைசிவரை வைத்துக்கொண்டவர். 1938-இல் நாஜி அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. போருக்குப் பின் திரும்பி வந்து அரசியலில் வளர்ந்தபோது, நாடு துன்பப்பட்ட காலத்தில் வெளியே இருந்தவர் என்று எதிரிகள் குத்திக்காட்டினார்கள். 1961 தேர்தலில், அரசுக்குத் தலைமை தாங்கிய சான்சலர் அடினாவரே அவருடைய பழைய பெயரைச் சொல்லி இடித்துரைத்தார். ஜெர்மனியின் குற்றங்களிலிருந்து தன்னைக் கழித்துக்கொள்ள எவருக்காவது முழு உரிமை இருந்தது என்றால் அது பிராண்டுக்கு இருந்தது. 1970 டிசம்பர் 7 அன்று, மேற்கு ஜெர்மனியின் சான்சலராக வார்சாவுக்குச் சென்றவர், யூதக் குடியிருப்பில் எழுச்சி செய்து மடிந்தவர்களின் நினைவுச் சின்னத்தில் மலர்வளையத்தின் நாடாவைச் சரிசெய்துவிட்டு, ஈரமான தரையில் மண்டியிட்டார்.

தான் செய்யாத குற்றத்துக்கு அவர் எதற்காக மண்டியிட வேண்டும் என்று அன்றே கேட்டார்கள். தனி மனிதரை மட்டும் பார்க்கிற கணக்கில் அதற்குப் பதிலே இல்லை, அவர் நிரபராதி. குழுவை மட்டும் பார்க்கிற கணக்கிலும் இல்லை, ஏனென்றால் அவரைத் தங்களவர் என்று ஏற்கவே தயங்கியவர்கள் அந்தக் குழுவில் ஏராளம். அந்தக் கணத்தில் ஜெர்மானியராக இருப்பது என்றால் என்ன என்பதை அவரே முடிவு செய்தார், அதுவும் யாரிடமும் கேட்காமல். சில நாட்களில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பில், மேற்கு ஜெர்மானியர்களில் 41 விழுக்காட்டினர் அது பொருத்தமான செயல் என்றார்கள், 48 விழுக்காட்டினர் மிகை என்றார்கள். மண்டியிட்டவர், சரி என்றவர்கள், மிகை என்றவர்கள் எல்லோருடைய கடவுச்சீட்டிலும் நாட்டின் பெயர் ஒன்றுதான் அச்சிடப்பட்டிருந்தது, அதை வைத்து யார் எந்தப் பக்கம் நிற்பார் என்று ஒருவரைப் பற்றியும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.